முப்பத்தெட்டுப் பேரில் ஒருவர்

சைதாப்பேட்டை
19.2.2024

திரு. பவுல்சாமி அவர்களுக்கு,

நலமா என்று கேட்டுத் தொடங்கப் போவதில்லை. கேட்டால் நலம் என்றுதான் எழுதுவீர்கள். ஒருமுறை கேட்டு ஏமாந்தது போதும்.

என் பெயர் ஜொவிட்டா. மூன்றாம் வகுப்பு டீச்சர். 2022 நவம்பர் கடைசிச் சனிக்கிழமை, அடையாறில் நாம் இருவரும் போகிற அந்த ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி. காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பில் கட்டி வந்தவர்களை உட்காரவைத்து, ஏற்கெனவே ஆபரேஷன் செய்துகொண்டவர்களைப் பேசச் சொன்னார்கள். நீங்கள்தான் முதலில் பேசினீர்கள். முகத்தில் மாஸ்க், கண்ணில் கறுப்புக் கண்ணாடி. கண்புரை ஆபரேஷன் ஆகியிருக்கிறது, வெளிச்சம் ஆகாது என்றீர்கள். நானும் நம்பினேன்.

என் கட்டி சின்னது. பதினான்கு மில்லிமீட்டர். புற்று இல்லை. ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், கதிர் கொடுத்து வளராமல் நிறுத்தலாம், அறுத்து எடுத்துவிடலாம், மூன்றில் எது என்று நீங்களே முடிவு செய்யுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கூட்டம் முடிந்ததும் நான் உங்களிடம் வந்து, "அங்கிள், உங்களுக்கு ஏதாவது குறை இருக்கா?" என்று கேட்டேன். நீங்கள் சொன்ன பதில் எனக்கு எழுத்துப் பிசகாமல் நினைவிருக்கிறது. "ஒரு குறையும் இல்லம்மா. தைரியமா பண்ணிக்க. நான் இன்னிக்கு சைக்கிள்லதான் வந்தேன்."

2023 ஜனவரியில் செய்துகொண்டேன். வலது காது அடியோடு போயிற்று. முகத்தின் வலப்பக்கம் தொங்கிவிட்டது. நூற்றில் இத்தனை பேருக்கு அப்படி ஆகலாம் என்று டாக்டர் சொல்லித்தான் இருந்தார். அந்தக் கணக்கில் நான் வர மாட்டேன் என்று உங்களைப் பார்த்து நம்பினேன்.

நேற்று சாந்தோம் கோவிலில் பூசை. நன்மை வாங்கும் வரிசையில் எனக்கு முன்னால் நீங்கள். ஊரில் யாருமே மாஸ்க் போடாத இந்தக் காலத்திலும் போட்டிருந்தீர்கள். ஃபாதர் அப்பத்தை நீட்டியபோது மாஸ்க்கை இறக்கினீர்கள், வாங்கிக்கொண்டு என் பக்கம் திரும்பினீர்கள். உங்கள் முகமும் என் முகம்தான், பக்கம்தான் வேறு. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நீங்கள் ஒரு துண்டுத் துணியில் மறைத்துவிட்டீர்கள்.

விலாசம் பங்கு அலுவலகத்தில் வாங்கினேன். போன் நம்பரும் கொடுத்தார்கள். ஒற்றைக் காதுக்காரர்களுக்குப் போன் எவ்வளவு தொல்லை என்று எனக்குத் தெரியும். அதனால் கடிதம். ஏன் பொய் சொன்னீர்கள்? அதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

ஜொவிட்டா


சாந்தோம்
27.2.2024

மதிப்பிற்குரிய ஜொவிட்டா டீச்சர் அவர்களுக்கு,

தங்களது 19ஆம் தேதியிட்ட கடிதம் கிடைக்கப்பெற்றேன். பின்கோடு எழுதாமலே வந்து சேர்ந்தது. நான் தபால் இலாகாவில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்து, சப் போஸ்ட் மாஸ்டராக ஓய்வு பெற்றவன். அடுத்த முறை 600004 என்று எழுதவும்.

தங்களுக்கு நேர்ந்ததைப் படித்து மிகவும் வருந்தினேன். என் கட்டி எலுமிச்சம்பழம் அளவு இருந்தது. மூளைத்தண்டை நெருக்கிக்கொண்டிருந்தது. டாக்டர் எடுக்காமல் விட்டிருந்தால் இன்று நான் இல்லை. அப்படி உயிர் கொடுத்தவரைப் பற்றிப் பத்துப் பேர் முன்னிலையில் குறை சொல்வது முறையாகுமா? உயிரோடு இருக்கிறேன் என்பதே பெரிய விஷயம். அந்த அர்த்தத்தில்தான் குறை இல்லை என்றேன். மேலும், தங்கள் கட்டியும் நாளடைவில் வளர்ந்திருக்கக் கூடும். எல்லாம் ஆண்டவர் சித்தம் என்று எடுத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

லூர்து மாதா படம் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். என் மனைவி லூயிசா தங்களுக்காகச் செபமாலை சொல்கிறாள்.

இப்படிக்கு,
அ. பவுல்சாமி


சைதாப்பேட்டை
6.3.2024

திரு. பவுல்சாமி அவர்களுக்கு,

மாதா படத்தைத் திருப்பி அனுப்ப மனம் வரவில்லை. அதை வைத்துக்கொண்டேன். உங்கள் சமாதானத்தை மட்டும் திருப்பி அனுப்புகிறேன்.

ஆண்டவர் சித்தம் என்றீர்கள். சைக்கிளில் வந்தேன் என்று சொல்லச் சொன்னதும் ஆண்டவரா?

என் வகுப்பில் நாற்பத்திரண்டு பிள்ளைகள். "மிஸ்" என்று ஒரு குரல் வரும். எந்தப் பக்கமிருந்து என்று எனக்குத் தெரியாது. ஒற்றைக் காதுக்குத் திசை கிடையாது, அது உங்களுக்கே தெரியும். நான் இடப்பக்கம் திரும்புவேன், கூப்பிட்ட பிள்ளை வலப்பக்கம் இருக்கும். பிள்ளைகள் இரண்டே வாரத்தில் இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். அனிருத் என்று ஒரு வால். அவன் கூப்பிட்டுவிட்டுக் குனிந்துகொள்வான், நான் சுற்றிச் சுற்றித் தேடுவேன், வகுப்பே சிரிக்கும். அவனை நான் அடிக்கவில்லை. எட்டு வயதில் நானும் அதைத்தான் செய்திருப்பேன். இன்னொரு பெண், பூஜா, நோட்டைத் திருத்தி வாங்கும்போது மெதுவாகக் கேட்டாள்: "மிஸ், எம்மேல கோவமா? சிரிக்கவே மாட்றீங்க." நான் அப்போது அவளைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

கண் மூடாது. மணிக்கு ஒரு தடவை சொட்டு மருந்து. சாதம் கன்னத்துக்குள் ஒதுங்கிக்கொள்கிறது, விரல் விட்டு எடுக்க வேண்டியிருக்கிறது. அதனால் ஸ்டாஃப் ரூமில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடுவதை விட்டுவிட்டேன். காதுக்குள் பிரஷர் குக்கர் ஓயாமல் இரைகிறது. கேட்காத காதில் எப்படி இந்தச் சத்தம் மட்டும் கேட்கிறது என்று என் மகள் ரெனிட்டா கேட்கிறாள். எனக்கே தெரியவில்லை.

தெரிந்திருந்தால் ஆபரேஷனே செய்திருக்க மாட்டேன் என்று சொல்லவில்லை. ஒருவேளை செய்திருப்பேன். ஆனால் யோசித்துச் செய்திருப்பேன்.

இன்னொன்று. அன்று எங்கள் கையில் ஒரு சிறு புத்தகம் கொடுத்தார்கள். டாக்டர் நீரஜா ஐந்து வருடமாகச் செய்த ஆராய்ச்சியின் சுருக்கம். ஆபரேஷன் ஆன நாற்பத்தோரு பேரில் முப்பத்தெட்டுப் பேருக்கு அன்றாட வாழ்க்கையில் சொல்லும்படியான சிரமம் இல்லை என்று அதில் இருந்தது. எனக்கு ஆபரேஷன் என்றதும் பயந்துகிடந்த என் கணவர் ஷெல்டன் கூட, அந்த எண்ணைப் பார்த்துத்தான் அவசரப்பட்டார். சீக்கிரம் எடுத்துடலாம் என்று நச்சரித்தார்.

உண்மையைச் சொல்லுங்கள். அந்த முப்பத்தெட்டில் நீங்களும் ஒருவரா?

ஜொவிட்டா


சாந்தோம்
30.3.2024
பெரிய சனி

ஜொவிட்டா டீச்சருக்கு,

பதில் எழுத மூன்று வாரத்துக்கு மேல் ஆகிவிட்டது. நேற்று பெரிய வெள்ளி. சிலுவைப் பாதைக்குப் போய், நிற்க முடியாமல் நான்காம் ஸ்தலத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்த இடத்தில் உங்கள் கேள்விதான் மனதில் ஓடிற்று.

ஆம். அந்த முப்பத்தெட்டில் நானும் ஒருவன்.

எப்படி என்று சொல்கிறேன். உங்களுக்குச் சிரிப்பு வரலாம். எங்கள் இலாகாவில் மாதா மாதம் மேலிடத்துக்கு ஓர் அறிக்கை போகும். பொதுமக்கள் புகார் எத்தனை, காணாமல் போன தபால் எத்தனை. புகார் இருந்தால் விசாரணை வரும், விசாரணை வந்தால் யாரோ ஒரு போஸ்ட்மேன் தலை உருளும். அதனால் 'நில்', அதாவது ஒன்றுமே இல்லை என்று எழுதுவோம். நில் ரிப்போர்ட் என்றுதான் அதற்குப் பெயரே. சின்னச் சின்னக் குறையை நாங்களே நேரில் போய்ச் சரிக்கட்டிவிட்டு நில் என்று எழுதி அனுப்புவோம். முப்பத்தாறு வருடம் எழுதிய கை இது.

டாக்டர் நீரஜா வருடத்துக்கு ஒரு முறை வீட்டுக்கு வரும். ராஜா அண்ணாமலைபுரத்துப் பெண். வெயிலில் தோள்பையோடு மூன்று மாடி ஏறி வரும். லூயிசா காபி கொடுப்பாள். இருபத்தாறு கேள்வி, ஒவ்வொன்றுக்கும் ஐந்து கட்டம். 'சிரமமே இல்லை' என்பதில் தொடங்கி 'மிகுந்த சிரமம்' வரை. நான் அதை என்னைப் பற்றிய கேள்வியாக எடுத்துக்கொள்ளவே இல்லை, டீச்சர். டாக்டர்களின் வேலையைச் சோதிக்க யாரோ மேலிடத்திலிருந்து அனுப்பிய இன்ஸ்பெக்‌ஷன் படிவம் என்று நினைத்தேன். அந்தப் பெண்ணுக்கு என்னால் கெட்ட பெயர் வரக் கூடாது. இருபத்தாறுக்கும் முதல் கட்டத்திலேயே டிக் போட்டேன். ஐந்து வருடமும் போட்டேன். முழு மார்க் கொடுத்த திருப்தி எனக்கு.

இனி நிஜ அறிக்கை. இடது காது முழுச் செவிடு. இடக் கண்ணை இரவில் டேப் போட்டு ஒட்டித் தூங்குகிறேன். வெளிச்சம் குறைந்தால் சுவரைப் பிடிக்காமல் நடக்க முடியாது. சைக்கிளை 2017லேயே விற்றாயிற்று. அன்று உங்கள் முன்னால் நின்றவன் லூயிசா கையைப் பிடித்து ஆட்டோவில் வந்து இறங்கியவன். கண்புரையும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. மூடாத கண்ணை மறைக்கத்தான் கண்ணாடி. கொரோனா வந்தபோது ஊரே அழுதது. எனக்கு மட்டும் மாஸ்க் கிடைத்தது வரமாக இருந்தது. வீட்டிலும் இதே ரிப்போர்ட்தான். இடது காதில் கொஞ்சம் கேட்கிறது என்று லூயிசாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

பேசக் கூப்பிட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது. ரிட்டயர் ஆனபின் யாரும் என்னை எதற்கும் கூப்பிட்டதில்லை. நீங்கள் வந்து கேட்டபோது உங்கள் முகத்தில் இருந்த பயத்தைப் போக்கிவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது. போக்கிவிட்டேன். அதுதான் நான் செய்த பாவம்.

மன்னிப்புக் கேட்கிறேன். கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை.

பவுல்சாமி


சைதாப்பேட்டை
15.4.2024

பவுல்சாமி அங்கிளுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். சிரிப்பு வரவில்லை. கோபம் போய்விட்டது என்றும் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் தடவையாக நீங்கள் எனக்குப் பதில் சொல்லியிருக்கிறீர்கள்.

மன்னிப்பைப் பற்றிப் பிறகு பேசலாம். ஜூன் கடைசிச் சனிக்கிழமை மறுபடியும் அந்தக் கூட்டம் இருக்கிறது. அதே சிறு புத்தகத்தைத்தான் கொடுப்பார்கள். அதே முப்பத்தெட்டு. என்னைப் போல யாராவது ஒருத்தி, சின்னக் கட்டியை வைத்துக்கொண்டு, பயந்துபோய் அதைப் புரட்டுவாள்.

அதற்குள் டாக்டர் நீரஜாவிடம் போய், உங்கள் ஐந்து வருடப் படிவமும் தப்பு என்று சொல்லுங்கள். எனக்குச் சொன்னதை அவருக்கும் சொல்லுங்கள். அவ்வளவுதான் நான் கேட்பது. கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நினைக்காதீர்கள். கெட்டது என் கண். அடுத்தவள் கண் இன்னும் நன்றாக இருக்கிறது.

என்னை டீச்சர் என்று எழுத வேண்டாம். உங்கள் மகள் வயது எனக்கு.

ஜொவிட்டா


சாந்தோம்
11.5.2024

அன்புள்ள ஜொவிட்டா,

எனக்கு மகள் இல்லை. மகனும் இல்லை. அதனால் நீ எழுதியது நெஞ்சில் பட்டது.

போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போனேன். லூயிசாவிடம் கண் மருந்து வாங்கப் போவதாகச் சொல்லிவிட்டுத் தனியாகவே ஆட்டோ பிடித்துப் போனேன். டாக்டர் நீரஜா என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று நாற்காலி போட்டது. தன் டப்பாவில் இருந்த தேன்குழலை எடுத்துக் கொடுத்தது. அம்மா செய்ததாம். ஆகஸ்டில் ஏதோ ஒரு மகாநாட்டில் இந்த ஆராய்ச்சியைப் படிக்கப் போகிறதாம். ஏழு வருட உழைப்பு மாமா, உங்களை மாதிரிப் பேஷண்ட் எல்லாம் ஒத்துழைத்ததால்தான் முடிந்தது என்றது. ஜூன் கூட்டத்திலும் நீங்கள்தான் முதலில் பேச வேண்டும் என்றது.

நான் என்ன செய்தேன் தெரியுமா? சரிம்மா என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

வாய் வரை வந்தது. கையில் தேன்குழலை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? என் ஒருவன் படிவம் தப்பு என்றால் மற்றவர்கள் படிவத்தை யார் நம்புவார்கள்? அந்தப் பெண்ணின் ஏழு வருடமும் என் ஒரு வார்த்தையில் போய்விடுமே. இத்தனைக்கும் அது ஒரு தப்பும் செய்யவில்லை. கேட்டது, நான் பொய் சொன்னேன், எழுதிக்கொண்டது.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. ஆபரேஷன் ஆகி ஒரு வருடம் முடிந்தால் உனக்கும் படிவம் வந்திருக்குமே. ஜனவரியில் வந்திருக்க வேண்டும். நீ உள்ளதை உள்ளபடி எழுதியிருந்தால் அதுவே போதாதா? உன் படிவம் பேசட்டும். இந்தக் கிழவனை விட்டுவிடேன்.

பவுல்சாமி


சைதாப்பேட்டை
20.5.2024

அன்புள்ள அங்கிள்,

இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டுவிடக் கூடாதே என்று முதல் கடிதம் எழுதியதிலிருந்து பயந்துகொண்டிருந்தேன்.

எனக்கும் படிவம் வந்தது. ஜனவரி இருபதாம் தேதி, சனிக்கிழமை. டாக்டர் நீரஜாவே கொண்டுவந்தார். சைதாப்பேட்டை ஸ்டேஷனில் இறங்கி, மார்க்கெட் நெரிசலில் வழி கேட்டுக் கேட்டு வந்திருந்தார். நான் காபி போட்டுக் கொடுத்தேன், உங்கள் லூயிசா ஆன்ட்டியைப் போலவே. படிவத்தைக் கையில் வாங்கினேன். ஷெல்டன் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் எங்கே டிக் போடுகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

சிரிப்பதில் சிரமம் உண்டா? நாலுபேர் முன்னால் சாப்பிடுவதில் சிரமம் உண்டா? உங்கள் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கச் சிரமம் உண்டா? ஒவ்வொரு கேள்விக்கும் அவர் மூச்சு நிற்பது எனக்குத் தெரிந்தது. ஆபரேஷனுக்கு அவசரப்படுத்தியது அவர். நான் 'மிகுந்த சிரமம்' என்று போடும் ஒவ்வொரு டிக்கும் அவர் பெயருக்கு நேராகப் போடுவதாக இருக்கும். ஒரு வருடமாக அவர் என் முகத்தை நேராகப் பார்ப்பதில்லை. அருவருப்பினால் இல்லை, அங்கிள். அது அருவருப்பாக இருந்தால் சண்டையாவது போடலாம்.

முதல் கட்டம், இரண்டாம் கட்டம் என்று மாற்றி மாற்றி டிக் போட்டேன். உங்களை விடக் கெட்டிக்காரத்தனமாகப் பொய் சொன்னேன். எல்லாமே முதல் கட்டம் என்றால் சந்தேகம் வருமே. டீச்சர் இல்லையா, விடைத்தாள் எப்படி இருந்தால் நம்புவார்கள் என்று எனக்குத் தெரியும். டாக்டர் நீரஜா எழுந்து நின்று, எப்படி இருக்கீங்க என்று கேட்டார். "நல்லா இருக்கேன் டாக்டர்." அதையும் சொன்னேன். பாதி வாயால்.

ஒரு மாதம் கழித்து உங்கள் முகத்தைக் கோவிலில் பார்த்தேன். வீட்டுக்கு வந்து உங்களுக்கு எழுதினேன், ஏன் பொய் சொன்னீர்கள் என்று. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்டேன் என்று இப்போது வெட்கமாக இருக்கிறது. உங்கள் மீது இருந்த கோபத்தில் பாதி என் மீது இருந்தது.

ஆஸ்பத்திரிக்குப் போய் வேறு படிவம் வாங்கி வந்து, உள்ளதை எழுதினேன். இத்துடன் வைத்திருக்கிறேன். ஆஸ்பத்திரிக் கூட்டம் நடக்கும் ஜூன் இருபத்தொன்பது அன்றுதான் எங்கள் பள்ளியில் பெற்றோர் கூட்டம், என்னால் வர முடியாது. இதை நீங்கள் கொடுங்கள். கொடுக்காமல் திரும்பி வந்தாலும் நான் உங்களைக் குறை சொல்ல மாட்டேன். சொல்லும் தகுதி எனக்கு இல்லை.

ஷெல்டனிடம் இன்னும் காட்டவில்லை. பள்ளியில் உட்கார்ந்துதான் எழுதினேன்.

ஜொவிட்டா


சாந்தோம்
30.6.2024

அன்புள்ள மகள் ஜொவிட்டாவுக்கு,

கொடுத்துவிட்டேன்.

நேற்று லூயிசாவும் கூட வந்திருந்தாள், கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். புதியவர்கள் ஒன்பது பேர். என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார்கள். எழுந்து மாஸ்க்கைக் கழற்றினேன், கண்ணாடியையும் கழற்றினேன். நான் இதுவரை இங்கே பேசியதும் படிவத்தில் எழுதியதும் பொய் என்றேன். பிறகு ஒன்றொன்றாகச் சொன்னேன். காது, கண், நடை, சைக்கிள். இடது காதில் துளியும் கேட்காது, சத்தமுள்ள இடத்தில் வலது காதும் திணறும், அதனால் யார் என்ன பேசினாலும் 'ம்' என்று சொல்லியே ஏழு வருடத்தை ஓட்டிவிட்டேன் என்று சொன்னேன். அவ்வளவுதான் என்று உட்கார்ந்துவிட்டேன்.

முன்வரிசையில் சாய்மா என்று ஒரு பெண், இருபத்தேழு வயது இருக்கும். அதன் கட்டியும் உன்னுடையது போலச் சின்னது. அது எழுந்து நின்று, அப்ப ஆபரேஷன் வேணாம்னு சொல்றீங்களா அங்கிள் என்று கேட்டது. அதைச் சொல்ல நான் யார் என்றேன். என் கட்டிக்கு வேறு வழி இல்லை, இத்தனை தொல்லையிலும் உயிர் பெரிதுதான், ஆனால் உன் கட்டிக்கு என்னைப் பார்த்து முடிவு செய்யாதே என்றேன். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தது. யோசி என்ற ஒரு வார்த்தையை உனக்கு நான் சொல்லவே இல்லை. அந்த உறுத்தல் எனக்குச் சாகும் வரை இருக்கும்.

டாக்டர் நீரஜா அழுமோ, திட்டுமோ என்று பயந்தேன். இரண்டும் இல்லை. உன் படிவத்தை வாங்கி நின்றபடியே படித்தது. பிறகு என் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னது: "தப்பு எம்பேர்லதான் மாமா. உங்காத்துக்கு வந்து, உங்க காபியைக் குடிச்சுண்டே கஷ்டமா இருக்கான்னு கேட்டா, நீங்க வேற என்ன சொல்வேள்?" ஆகஸ்டில் படிக்கப் போவதில்லையாம். அந்தப் புத்தகத்தையும் நேற்று யாருக்கும் கொடுக்கவில்லை. நாற்பத்தோரு பேரிடமும் மறுபடி கேட்கப் போகிறதாம். இந்தத் தடவை தான் எதிரில் உட்காராமல், அவரவர் தனியாக எழுதிப் பெயர் போடாமல் தபாலில் அனுப்பும்படி. உறையில் பின்கோடு அச்சடிக்கச் சொன்னேன்.

இதோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன், ஜொவிட்டா. முடியவில்லை.

வெளியே வந்து ஆட்டோவுக்கு நின்றோம். லூயிசா அழுதுகொண்டிருந்தாள். என் முகத்தை நினைத்தா அழுகிறாள், இதைத்தான் தினமும் பார்க்கிறாளே என்று நினைத்தேன். அவள் என் வலப்பக்கம் வந்து நின்று கேட்டாள்: "பீச்சுல சொன்னது உங்களுக்குக் கேக்கவே இல்லையா?"

எது என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆட்டோவில் வரும்போது சொன்னாள். உனக்கு அதன் முன்கதை தெரிய வேண்டும். 2016இல் முதல் ஸ்கேன் எடுத்ததுமே டாக்டர் உடனே ஆபரேஷன் என்றார். அப்போது கட்டி இவ்வளவு பெரிது இல்லை. தலையைத் திறக்கிறார்கள் என்றதும் லூயிசா பயந்துபோய், ஒன்பது மாதம் என்னை ஒவ்வொரு குணமளிக்கும் செபக் கூட்டமாக அழைத்துப் போனாள். நானும் போனேன். கட்டி வளர்ந்து, முகத்து நரம்பு அதோடு ஒட்டிக்கொண்டது. ஆபரேஷன் முடிந்த வருடம், ஒரு சாயங்காலம் கடற்கரையில் நடக்கும்போது, உங்க முகம் போனதுக்கு நான்தான் காரணம், என்னை மன்னிச்சிடுங்க என்று கேட்டாளாம். எப்போதும் போல என் இடப்பக்கம் நடந்துகொண்டிருந்திருக்கிறாள். அலைச் சத்தம் வேறு. நான் 'ம்' என்றேனாம்.

அந்த ஒரு 'ம்'மை வைத்துக்கொண்டு ஏழு வருடம் நிம்மதியாக இருந்திருக்கிறாள். "அந்த நிம்மதி எல்லாம் பொய்யா?" என்று கேட்டாள். பட்டினப்பாக்கம் வந்ததும் அவள் மறுபடியும் கேட்டாள், இந்தத் தடவை என் நல்ல காதில். மன்னிச்சிட்டீங்களா?

உடனே ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். நாக்கு நுனியில் இருந்தது. ஆனால் உண்மையில் எனக்கு வருத்தம் உண்டு, ஜொவிட்டா. அந்த ஒன்பது மாதத்தை நினைத்துப் பல நாள் மனதுக்குள் அவளைத் திட்டியிருக்கிறேன். அவள் இப்படி ஒரு பாரத்தைச் சுமப்பது தெரியாமல் திட்டியிருக்கிறேன். இப்போது சும்மா ஆமாம் என்றால் அதுவும் இன்னொரு நில் ரிப்போர்ட்தான். நாளைக்குச் சொல்றேன் என்றேன். அவள் நேற்றிலிருந்து என்னிடம் பேசவில்லை.

இன்று ஞாயிறு. இதை எழுதி முடித்ததும் அடுப்படிக்குப் போகப் போகிறேன். மீன் ஆய்ந்துகொண்டிருக்கிறாள். வருத்தம் இருந்தது என்பதை முதலில் சொல்வேன். மன்னித்துவிட்டேன் என்பதை அப்புறம் சொல்வேன். இரண்டும் உண்மை, ஆனால் இந்த வரிசையில் சொன்னால்தான் இரண்டாவதை அவள் நம்புவாள். நீயும் ஷெல்டனிடம் அப்படியே சொல். அவர் உன் முகத்தைப் பார்க்காதது உன்மேல் வெறுப்பினால் இல்லை என்று உனக்கே தெரியும். உனக்குக் கோபம் இருக்கிறது என்று நீ சொல்லும்வரை அவரால் நிமிர முடியாது.

பவுல்சாமி